வீட்டு நெட்: கட்டணம், வேகம், சர்வீஸ் பற்றிக் கடைக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

கும்பகோணத்தில் சிறிய கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். லேப்டாப், பிரிண்டர் பழுது பார்ப்பதுதான் தொழில். ஆனால் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ரூட்டரை மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவந்து, "மாசம் எழுநூறு ரூபா கட்டுறேன் தம்பி, நெட்டே வரமாட்டேங்குது" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். எந்த நெட் கம்பெனிக்கும் நான் ஏஜென்ட் இல்லை, கமிஷனும் கிடையாது. அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன்.

விளம்பரத்துல 499-னு போட்டிருக்கு. பில் 589 வருது. ஏமாத்துறாங்களா?

கூடுதலாக வருவது வரி. தொலைத்தொடர்புச் சேவைக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. 499 ரூபாயோடு வரி சேர்ந்தால் 588 ரூபாய் 82 காசு. 399 என்று பார்த்துச் சேர்ந்தவர் 470 ரூபாய் 82 காசு கட்டுவார், 999-க்குச் சேர்ந்தவர் 1,178 ரூபாய் 82 காசு கட்டுவார். சோப்பு, பிஸ்கட் வாங்கினால் மேலே அச்சிட்ட விலையிலேயே வரி அடக்கம். நெட்டுக்கு மட்டும் வரியைத் தனியே வைத்துப் பெரிய எழுத்தில் சின்ன எண்ணைக் காட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. மாதச் சம்பளத்தில் கணக்குப் போட்டு நடத்தும் குடும்பத்துக்கு 90 ரூபாய் சின்னத் தொகை இல்லை.

சேர்வதற்கு முன்னால் இரண்டு தொகையைக் கேளுங்கள். வரி, இன்ஸ்டலேஷன், டெபாசிட் எல்லாம் சேர்த்து முதல் மாசம் கையை விட்டு எவ்வளவு போகும்? இரண்டாம் மாசத்திலிருந்து எவ்வளவு? பதிலை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். பின்னால் வரும் சண்டையில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

100 எம்பிபிஎஸ் பிளான் போட்டேன். டவுன்லோடு பண்ணா 12-தான் காட்டுது. மீதி எங்க போச்சு?

எங்கும் போகவில்லை, முழுசாக வருகிறது. கம்பெனி சொல்லும் 100 மெகாபிட் கணக்கு. டவுன்லோடு ஆகும்போது திரையில் காட்டுவது மெகாபைட் கணக்கு. எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆக, 100-ஐ எட்டால் வகுத்தால் 12.5. உங்களுக்கு 11, 12 வந்தால் லைன் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

அந்தக் கணக்கு சரி. ஆனா ஸ்பீட் டெஸ்ட்லயே 100-க்கு 20-தான் வருது. அப்போ?

முதலில் லேன் கேபிளைப் போட்டு, லேப்டாப்பை நேராக ரூட்டரில் சொருகி டெஸ்ட் எடுங்கள். வைஃபையில் எடுத்த டெஸ்டை வைத்து யாரோடும் சண்டைக்குப் போக வேண்டாம். போன மாதம் தாராசுரத்தில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் வீட்டுக்குப் போனேன். ரூட்டர் ஹாலில் கண்ணாடி அலமாரிக்குள், பித்தளைக் குத்துவிளக்குக்கும் எவர்சில்வர் தூக்குக்கும் நடுவில் இருந்தது. கதவு பத்திரமாகச் சாத்தியிருந்தது. கேபிள் போட்டுப் பார்த்தால் 94 வந்தது. பின் அறையில் வைஃபையில் 18. ரூட்டரை அலமாரிக்கு மேலே திறந்த இடத்தில் வைத்து, போனை 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாற்றினேன். அதே பின் அறையில் 70 வந்தது. கம்பெனியை மாற்றுவது என்று முடிவெடுத்திருந்தார்கள். மாற்றியிருந்தால் புது ரூட்டரும் அதே அலமாரிக்குள்தான் போயிருக்கும்.

வைஃபையில் இரண்டு அலை உண்டு. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டித் தூரம் போகும், ஆனால் வேகம் குறைவு, அக்கம்பக்கத்து வீட்டு ரூட்டர்கள் எல்லாம் அதில்தான் நெருக்கிக்கொண்டு இருக்கும். 5 ஜிகாஹெர்ட்ஸ் வேகமானது, சுவர் வந்தால் சோர்ந்துவிடும். சில மலிவு ரூட்டர்களில் 2.4 மட்டும்தான் இருக்கிறது. அதைக் கொடுத்துவிட்டு 200 எம்பிபிஎஸ் பிளானை விற்பது நியாயமே இல்லை. இன்னொன்று: ரூட்டரின் லேன் போர்ட் 100 வகையாக இருந்தால், 300 எம்பிபிஎஸ் பிளான் போட்டாலும் கேபிளில் 94, 95-க்கு மேல் வராது. போர்ட் ஜிகாபிட்டா (1,000 எம்பிபிஎஸ் வகையா) என்று கேட்டு வாங்குங்கள்.

எங்க வீட்ல நாலு பேரு. எவ்வளவு ஸ்பீடு போட்டா போதும்?

பெரும்பாலான வீட்டுக்கு 40, 50 போதும். நல்ல தரத்தில் ஒரு படம் ஓட 5 எம்பிபிஎஸ், 4கே டிவிக்கு 15-இலிருந்து 25, வீடியோ காலுக்கு 3, 4. நாலு பேரும் ஒரே நேரத்தில் ஏதாவது பார்த்தாலும் கூட்டிப் பாருங்கள். பிள்ளைகள் பெரிய கேம் டவுன்லோடு செய்வார்கள், இரண்டு பேர் வீட்டிலிருந்து ஆபீஸ் வேலை பார்க்கிறார்கள் என்றால் 100-க்குப் போகலாம். அதற்கு மேல் கட்டுவது பெரும்பாலும் பயன்படாத காசு.

அன்லிமிடெட்-னுதான் சொன்னாங்க. 20-ம் தேதிக்கு மேல ஊர்ந்து போகுதே?

அன்லிமிடெட் என்பதற்குள் ஒரு அளவு ஒளிந்திருக்கிறது. அதை எஃப்யூபி என்பார்கள். அந்த அளவைத் தாண்டினால் இணைப்பு அறுபடாது, வேகம் மட்டும் இறங்கிவிடும். பெரிய கம்பெனிகளின் பல பிளான்களில் மாதம் 3,300 ஜிபி என்று வைத்திருக்கிறார்கள். நாள் ஒன்றுக்கு 110 ஜிபி. சாதாரணக் குடும்பம் இதைத் தொடாது. ஆனால் லோக்கல் பிளான்களில் 300, 500 ஜிபியிலேயே தட்டி நிறுத்துவதைப் பார்த்திருக்கிறேன். சேரும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: அளவு எத்தனை ஜிபி, அதைத் தாண்டினால் வேகம் எவ்வளவு?

அளவு தாண்டிய பிறகு கொடுக்கும் 2 எம்பிபிஎஸ்ஸையும் "இதுவும் பிராட்பேண்ட்தான்" என்று சொல்ல அவர்களுக்கு வழி இருக்கிறது. நம் நாட்டில் 2004-ஆம் ஆண்டுக் கொள்கைப்படி 256 கேபிபிஎஸ் (கால் எம்பிபிஎஸ்) இருந்தாலே பிராட்பேண்ட். அது பிறகு 512 ஆனது. 2023 ஜனவரியில்தான் 2 எம்பிபிஎஸ் என்று உயர்த்தினார்கள். பையன் ஆன்லைன் வகுப்பில் இருக்கும்போது 2 எம்பிபிஎஸ்ஸில் நாலு பேர் என்ன செய்ய முடியும்? அதனால் அந்த இரண்டாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். உங்கள் உபயோகம் எவ்வளவு என்பது கம்பெனியின் ஆப்பிலேயே தெரியும். திடீரென்று கூடியிருந்தால், கேமரா பதிவுகளை கிளவுடுக்கு ஏற்றும் சிசிடிவி இருக்கிறதா, வைஃபை பாஸ்வேர்ட் தெருவுக்கே தெரியுமா என்று பாருங்கள்.

காலையில நல்லா இருக்கு. ராத்திரி 8 மணி ஆனா நெட் படுத்துடுது. ஏன்?

உங்கள் வீட்டுக்கு வரும் ஃபைபர் உங்களுக்கு மட்டுமானது இல்லை. ஜிபான் என்ற வழக்கமான முறையில் 2.5 ஜிபிபிஎஸ் (2,500 எம்பிபிஎஸ்) அளவுள்ள ஒரே ஃபைபரை ஸ்ப்ளிட்டர் என்ற பிரிப்பான் வைத்து 32, 64 வீடுகளுக்குப் பிரிக்கிறார்கள். ஆனாலும் குற்றவாளி பெரும்பாலும் அந்த ஸ்ப்ளிட்டர் இல்லை. ஆபரேட்டர் மேலேயிருந்து மொத்தமாக வாங்கும் நெட் கொள்ளளவு போதவில்லை என்பதுதான் காரணம். ஊரே சாப்பிட்டுவிட்டு டிவி முன்னால் உட்காரும் நேரத்தில் அது தெரிந்துவிடும். புது கனெக்ஷன் சேர்ந்துகொண்டே இருக்கும், மேலே வாங்குவதைக் கூட்டியிருக்க மாட்டார்கள்.

இதை நிரூபிக்க ஒரு வாரம் போதும். லேன் கேபிளில், தினமும் காலை 7, மதியம் 3, இரவு 9 மணிக்கு டெஸ்ட் எடுத்து ஸ்கிரீன்ஷாட் வையுங்கள். காலையில் 95, இரவில் 15 என்று ஏழு நாளும் வந்தால், உங்கள் ரூட்டரைக் குறை சொல்ல அவர்களுக்கு வழியே இல்லை.

ஸ்பீட் டெஸ்ட்ல 100 வருது, யூடியூபும் ஓடுது. ஆபீஸ் வேலை மட்டும் நின்னு நின்னு வருது. எப்படி?

ஸ்பீட் டெஸ்ட் பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் சர்வரைத்தான் தொடுகிறது, சில நேரம் அது உங்கள் கம்பெனியின் சர்வராகவே இருக்கும். யூடியூப் மாதிரி பெரிய தளங்களின் வீடியோக்கள் கம்பெனியின் வளாகத்திலேயே நகலாக வைக்கப்பட்டிருக்கும். ஆக, இந்த இரண்டும் வெளியே போகாமலே முடிந்துவிடுகின்றன. உங்கள் ஆபீஸ் சர்வர் சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ இருக்கும். அங்கே போகும் பாதை நெருக்கமாக இருந்தால், மேலே சொன்ன 100 உதவாது.

டெஸ்ட் எடுக்கும்போது சர்வரை மாற்றி, சென்னை, மும்பை, சிங்கப்பூர் என்று மூன்றிலும் எடுங்கள். வேகத்தோடு பிங் எண்ணையும் (தகவல் சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரம்) குறித்துக்கொள்ளுங்கள். நெடுநேரம் ஓடும் வீடியோ காலுக்கும் கேமுக்கும் வேகத்தைவிட அந்த எண் நிலையாக இருப்பதுதான் முக்கியம். அப்லோடு வேகத்தையும் பாருங்கள். சில பிளான்களில் டவுன்லோடு 100, அப்லோடு 20 என்று இருக்கும். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்கு அது போதாமல் போகலாம்.

ரூட்டர்ல சிவப்பு லைட் எரியுது. ரூட்டர் போயிடுச்சா?

எல்ஓஎஸ் என்று எழுதியிருக்கும் இடத்தில் சிவப்பு எரிந்தால், வெளிச்சம் வந்து சேரவில்லை என்று பொருள். ரூட்டர் நன்றாகத்தான் இருக்கும், கேபிள்தான் எங்கோ அறுந்தோ மடிந்தோ இருக்கிறது. எங்கள் பக்கம் சம்பா அறுவடை முடிந்து வைக்கோல் லாரி உயரமாக ஏற்றிக்கொண்டு போகும் தை, மாசியில் இந்தப் புகார் கூடும். தெருவைக் கடக்கும் கேபிள் தாழ்வாகத் தொங்கினால் லாரி இழுத்துக்கொண்டு போய்விடும். மற்ற மாதங்களில் அணில், எலி. வீட்டுக்குள் என்றால் பீரோவை நகர்த்தும்போது மஞ்சள் ஒயரைச் சுவரோடு நசுக்கியிருப்பார்கள். ஃபைபருக்குள் இருப்பது கண்ணாடி இழை, செப்புக் கம்பி மாதிரி மடக்கக் கூடாது. கழற்றிய முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கவும் கூடாது.

டெக்னீசியன் வந்து சரிசெய்ததும், "பவர் எவ்வளவு வருது?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள், கேபிளில் வந்து சேரும் வெளிச்சத்தின் அளவு அது. மீட்டரில் மைனஸ் 18, மைனஸ் 20 என்று வந்தால் நல்லது. மைனஸ் 27-ஐத் தொட்டால் இன்றைக்கு ஓடும், அடுத்த மழைக்கு மறுபடி சிவப்பு. அறுந்த இடத்தில் மெஷின் வைத்து உருக்கி இணைக்காமல் (ஸ்ப்ளைசிங்) கையால் கனெக்டர் போட்டு ஒட்டியிருந்தால் இப்படித்தான் வரும். அந்த எண்ணைத் தேதியோடு சுவர்க் காலண்டரில் குறித்து வைக்கிற ஒரு அம்மா இருக்கிறார். ஒரே வருடத்தில் மைனஸ் 19-இலிருந்து 26 வரை இறங்கியதை அவர் காட்டியதும், மறுபேச்சில்லாமல் புது கேபிள் இழுத்துக் கொடுத்தார்கள்.

இன்வெர்ட்டர் இருக்கு. அப்பவும் கரண்ட் போனா நெட் போகுதே?

ரூட்டர் சொருகிய பிளக் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பல வீட்டில் இருக்காது. இல்லையென்றால் 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று வாங்கி ரூட்டருக்கு மட்டும் வைக்கலாம்.

கரண்ட் போனபோது ரூட்டர் ஓடிக்கொண்டிருந்தும் நெட் இல்லை என்றால், பெரும்பாலும் தெருவில் ஆபரேட்டரின் பெட்டிக்குள் கரண்ட்டில் ஓடும் ஸ்விட்ச் இருக்கிறது, அதற்கு பேட்டரி இல்லை என்று அர்த்தம். ஸ்ப்ளிட்டருக்குக் கரண்ட் வேண்டாம். அதனால் முழு ஜிபான் லைனில் தெருக் கரண்ட் போனால் நெட் போகக் கூடாது.

கேபிள் டிவிக்காரர் 400-க்கு 100 எம்பிபிஎஸ் தர்றாரு. பெரிய கம்பெனியா, லோக்கலா?

2020 செப்டம்பரில் ஜியோ 399 ரூபாய்க்கு 30 எம்பிபிஎஸ் கொண்டுவந்தது, அதே மாதம் ஏர்டெல் 499-க்கு இறங்கியது. அன்றிலிருந்து விலையில் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நிற்கிறார்கள். நூறு ரூபாய் முன்னே பின்னே இருக்கும். அந்த நூறு ரூபாயை வைத்து முடிவெடுக்காதீர்கள் என்பதுதான் எல்லோரிடமும் நான் சொல்வது. சிவப்பு லைட் எரியும் அன்று யார், எத்தனை மணி நேரத்தில் ஏணியோடு வந்து நிற்பார்? நீங்கள் காசு கொடுப்பது அதற்குத்தான்.

பிஎஸ்என்எல் ஃபைபரைக்கூடப் பல ஊர்களில் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுப்பதும் பழுது பார்ப்பதும் அங்கே இருக்கும் ஒரு பார்ட்னர்தான். அதனால் ஒரே கம்பெனி ஒரு தெருவில் தங்கமாக இருக்கும், நாலு தெரு தள்ளித் திட்டு வாங்கும். ஊர்ப்பெயர் போட்டு நெட்டில் கருத்துத் தேடுவதைவிட, உங்கள் தெருவில் மூன்று வீட்டில் கேளுங்கள்: "கடைசியா எப்போ போச்சு? எத்தனை நாள்ல சரியாச்சு?" லோக்கல்காரரின் பலம், போன் அடித்தால் எடுப்பார். பலவீனம், மேலே சொன்ன 8 மணிப் பிரச்சினை அவரிடம்தான் அதிகம். அவர் தரும் ரசீதில் சேவை தரும் கம்பெனியின் பெயரும் ஜிஎஸ்டி எண்ணும் இருக்க வேண்டும். துண்டுச் சீட்டில் தொகை மட்டும் எழுதித் தந்தால், நாளைக்குப் புகார் கொடுக்க உங்கள் கையில் ஒன்றும் இருக்காது.

ஒரு வருஷத்துக்கு மொத்தமா கட்டினா ரெண்டு மாசம் ஃப்ரீங்கிறாங்க. கட்டலாமா?

வேண்டாம். நானே பட்டிருக்கிறேன். வீட்டுக்கு ஒரு கனெக்ஷன் எடுத்து, பன்னிரண்டு மாதப் பணத்தை ஒரே தவணையில் கட்டினேன். இரண்டு மாதம் அருமையாக ஓடியது. அப்புறம் எங்கள் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்த ஆபரேட்டர் விட்டுவிட்டுப் போனார், புதிதாக வந்தவருக்கு எந்த கேபிள் எந்த வீட்டுக்குப் போகிறது என்றே தெரியவில்லை. ஐப்பசி மழையில் ஒன்பது நாள் நெட் இல்லை. பிளஸ் டூ படிக்கும் மகள் மொட்டை மாடியில் குடை பிடித்துக்கொண்டு போன் டேட்டாவில் டெஸ்ட் எழுதினாள். மீதிப் பணத்தைக் கேட்டபோது, திருப்பித் தர முடியாது என்று படிவத்தில் நான் கையெழுத்துப் போட்டிருப்பதைக் காட்டினார்கள்.

முன்பணம் கட்டிவிட்டால் உங்கள் கையிலிருக்கும் ஒரே பிடி போய்விடும். முதல் மூன்று மாதம் மாதாமாதம் கட்டுங்கள். மழைக்காலம் ஒன்றைத் தாண்டி லைன் நன்றாக இருந்தால், அதிகபட்சம் ஆறு மாதத்துக்குக் கட்டலாம்.

கம்ப்ளெயின்ட் கொடுத்தா 'சரிசெய்யப்பட்டது'னு மெசேஜ் வருது. ஆளே வரல. டிராய்ல புகார் பண்ணலாமா?

டிராய் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், அது தனி வாடிக்கையாளர் புகாரை எடுத்து விசாரிப்பதில்லை. வழி இப்படிப் போகிறது. முதலில் கஸ்டமர் கேர், அங்கே டாக்கெட் எண் (புகார் பதிவு எண்) கட்டாயம் வாங்குங்கள். ஆபரேட்டரின் சொந்த நம்பருக்குப் போட்ட போன் கணக்கில் வராது. சரிசெய்யாமலே முடித்துவிட்டார்கள் என்றால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு 30 நாளுக்குள் எழுத வேண்டும். இதற்குக் கட்டணம் இல்லை. அவர்கள் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று 2012-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. எல்லாக் கம்பெனியும் அந்த முகவரியைத் தன் தளத்தில் போட்டிருக்கும், ஆனால் கடைசி மூலையில். தேடுங்கள். நிறையப் புகார்கள் இந்தப் படியில் அசைவதைப் பார்த்திருக்கிறேன்.

அதற்கும் அசையவில்லை என்றால் தொலைத்தொடர்புத் துறையின் குறைதீர்ப் பிரிவு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். "தொலைத்தொடர்புன்னா நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது" என்று இன்னும் சிலர் சொல்வார்கள். 2009-இல் அப்படி ஒரு தீர்ப்பு வந்தது உண்மை. ஆனால் 2022 பிப்ரவரியில் வோடஃபோன் ஐடியா வழக்கில் உச்ச நீதிமன்றம், போகலாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. சேவைக்கு நீங்கள் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் ஆணையத்தில் கட்டணமும் இல்லை. ஏழு நாள் ஸ்கிரீன்ஷாட், பவர் எண், டாக்கெட் எண்கள் எல்லாம் இங்கேதான் உதவும்.

நெட் ஓடாத நாளுக்குக் காசு கழிப்பாங்களா?

கேட்டால் கழிப்பார்கள். 2006-இல் டிராய் போட்ட பிராட்பேண்ட் தர விதிகளில், பழுது மூன்று நாளைத் தாண்டினால் 7 நாள் வாடகை, ஏழு நாளைத் தாண்டினால் 15 நாள் வாடகை, பதினைந்தைத் தாண்டினால் ஒரு மாத வாடகை கழிக்க வேண்டும் என்று இருந்தது. அவற்றுக்குப் பதிலாக 2024 ஆகஸ்டில் புதிய விதிகள் வந்து, அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. தானாகக் கழியும் என்று காத்திருக்காமல், டாக்கெட் எண்ணைக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். முன்பணம் கட்டியவர்கள் அத்தனை நாளைக் காலாவதித் தேதியில் கூட்டித் தரச் சொல்லுங்கள். எனக்கு அந்த ஒன்பது நாளும் அப்படித்தான் கிடைத்தது.

எங்க தெருவுக்கு ஃபைபர் வரல. ஏர்ஃபைபர் போடலாமா?

ஃபைபருக்கு வழியே இல்லை என்றால் போடலாம். 2023-இல் ஏர்டெலும் ஜியோவும் கொண்டுவந்த இது, மாடியில் ஒரு கருவி வைத்து 5ஜி டவரிலிருந்து சிக்னல் பிடிப்பது. பெயரில் ஃபைபர் இருந்தாலும் வீட்டுக்குக் கேபிள் வராது. லாரி அறுக்காது, அது நல்லது. ஆனால் டவரில் கூட்டம் கூடினால் வேகம் குறையும், பிங் ஏறி இறங்கும். டவர் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருந்தால் நன்றாக ஓடுவதைப் பார்த்திருக்கிறேன்.

வெளியூர்ல இருந்து வீட்டு கேமராவைப் பார்க்க முடியல. கேமராக்காரர் நெட்டைக் குறை சொல்றாரு, நெட்காரர் கேமராவைச் சொல்றாரு?

கம்பெனியிடம் இருக்கும் ஐபி முகவரிகள் (நெட்டில் ஒரு இணைப்பை அடையாளம் காட்டும் எண்கள்) போதாததால், ஒரே முகவரியைப் பல வீட்டுக்குப் பங்கிட்டுத் தருகிறார்கள். சிஜிநாட் என்று பெயர். வீட்டிலிருந்து வெளியே போக இது தடையில்லை, வெளியிலிருந்து உங்கள் வீட்டை நேராகத் தொட முடியாது. கேமரா கம்பெனியின் கிளவுட் ஆப் வழியாகப் பார்த்தால் தீர்ந்துவிடும். நேராகத்தான் வேண்டும் என்றால் ஸ்டாட்டிக் ஐபி, அதாவது உங்களுக்கென்று மாறாத முகவரி, தனிக் கட்டணத்துக்குக் கிடைக்கும்.

செல் நம்பர் மாதிரி இதையும் போர்ட் பண்ண முடியுமா? பழையதை எப்படி விடறது?

வீட்டு நெட்டுக்கு அப்படி ஒரு வசதி இல்லை, புது கனெக்ஷன்தான் எடுக்க வேண்டும். பழையதை நிறுத்துவதற்கு முன்னால் புதியதை ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள், இரவு 9 மணி டெஸ்டும் சேர்த்து. அந்த ஒரு வாரம் இரண்டு பக்கமும் கட்டுவது வீண் செலவில்லை.

நிறுத்தச் சொல்வதை ஆப்பிலோ மின்னஞ்சலிலோ செய்யுங்கள். அவர்களின் ஆளிடம் வாயால் மட்டும் சொல்லிவிட்டு வந்தால், பில் மாதாமாதம் ஏறிக்கொண்டிருக்கும். ரூட்டர் அவர்களுடையது என்றால், அடாப்டரையும் சேர்த்துக் கொடுத்து, கருவியின் சீரியல் நம்பர் எழுதிய ரசீது வாங்குங்கள். கொடுப்பதற்கு முன்னால் சீரியல் நம்பர் தெரிகிற மாதிரி அடிப்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்துவையுங்கள். டெபாசிட் திரும்பி வரும்வரை அந்த ரசீதும் போட்டோவும் உங்கள் போனில் இருக்கட்டும்.